பெரிய நகலை விட சின்ன அசல்

வெளிநாட்டுப் பயணம் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "போகிற இடத்தில் எல்லாக் கடைகளிலும் ஒரே மாதிரி ஃபிரிட்ஜ் காந்தமும் சாவிக்கொத்தும்தான் தொங்குகின்றன. அந்த நாட்டுக்கே உரிய, உண்மையான பொருள் ஒன்று வேண்டும். ஆனால் விலை கையைக் கடிக்கக் கூடாது. நாலைந்து பேருக்குக் கொடுக்கவும் வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் குறைவாக இருந்தால் பொருளின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், தரத்தில் கைவைக்காதீர்கள். புகழ்பெற்ற கைவினை எதுவானாலும் அதில் பெரிய உருப்படியும் இருக்கும், சின்ன உருப்படியும் இருக்கும். பெரியதன் விலை நமக்கு எட்டாது. அந்த ஏமாற்றத்தில்தான் பலர் அதே பெரிய பொருளின் மலிவான நகலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பணத்துக்கு அதே கைவினையில் சின்னதாக ஒன்று அசலாகவே கிடைத்திருக்கும்.

வெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். தீ விபத்துக்குப் பயந்து 1291இல் கண்ணாடி உலைகளை நகரத்திலிருந்து முரானோ தீவுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அந்தத் தீவின் பெயரே கண்ணாடிக்கு அடையாளம். இன்று வெனிஸ் சந்துகளில் முரானோ என்ற பெயரைச் சொல்லி விற்கிற கண்ணாடியில் கணிசமான பங்கு வேறு நாடுகளில் மொத்தமாகச் செய்து இறக்கியது. பெரிய பூஜாடி ஒன்று ஒருவேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்றால், அது அந்தத் தீவின் உலையில் ஊதியது இல்லை. ஆனால் கண்ணாடிக் குச்சியைச் சுடரில் உருக்கி, கம்பியில் சுற்றிச் செய்கிற மணிகளும் அந்த ஊர்க் கலைதான். இத்தாலியும் பிரான்சும் சேர்ந்து முன்மொழிய, 2020இல் கண்ணாடி மணிக் கலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கண்ணெதிரே செய்து தருகிற பட்டறையில் ஒற்றை மணி கோத்த பதக்கம் ஒன்று வாங்குவது சாதாரணப் பயணியின் பட்ஜெட்டுக்குள் வரும். வெனிஸ் அடங்கிய வெனெட்டோ மாகாணம் 1994இல் சட்டம் போட்டு ஏற்படுத்திய 'வெட்ரோ ஆர்ட்டிஸ்டிகோ முரானோ' (முரானோ கலைக் கண்ணாடி) முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. முத்திரை வாங்காத நல்ல பட்டறைகளும் உண்டு. அங்கே உலையையும் செய்கிறவரையும் நேரில் பார்ப்பதுதான் சான்று.

இந்தோனேசியாவின் பாத்திக் துணியிலும் இதே கதைதான். 2009இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற கலை அது. 'சாந்திங்' என்ற சின்னச் செம்புக் கருவியில் உருகிய மெழுகை நிரப்பி, கையால் கோடு கோடாக வரைந்து சாயம் ஏற்றினால் அது 'துலிஸ்'. ஒரு முழுத் துணிக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதனால் விலையும் அப்படி. செம்பு அச்சை மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றி எடுத்தால் அது 'சாப்'. இதுவும் உண்மையான மெழுகுச் சாய வேலைதான், ஆனால் வேகமாக முடிவதால் விலை பல மடங்கு குறைவு. மூன்றாவது, மெழுகே படாமல் இயந்திரத்தில் பாத்திக் டிசைனை அச்சடித்த துணி. சந்தையில் குவிந்து கிடப்பது பெரும்பாலும் இதுதான். துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகிட்டுச் சாயத்தில் முக்கிய துணியில் நிறம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஏறியிருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறித் தெரியும். டிசைன் திரும்பத் திரும்ப மயிரிழை பிசகாமல் வந்தாலும் சந்தேகப்படலாம். குறைந்த பட்ஜெட்டுக்கு என் பரிந்துரை, பருத்தியில் சாப் வேலை செய்த ஒரு சால்வையோ கைக்குட்டையோ. துலிஸ் என்று பொய் சொல்லி விற்கிற அச்சுத் துணியை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

துருக்கியிலும் மொராக்கோவிலும் ஈரானிலும் கம்பளம் பார்க்கப் போனால் முதலில் குஞ்சத்தைக் கவனியுங்கள். கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் நுனிதான், கம்பளத்தின் உடம்பிலிருந்தே நீண்டு வரும். தனியாகத் தைத்து ஒட்டிய குஞ்சம் என்றால் பெரும்பாலும் இயந்திர வேலை. அப்புறம் பின்பக்கம். கைவேலையில் முன்னால் இருக்கிற டிசைன் பின்னாலும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரியும். பின்பக்கத்தில் பசையோ ரப்பரோ பூசியிருந்தால் பேச்சே வேண்டாம். சரி, அசல் கம்பளம் வாங்க வசதி இல்லை, என்ன செய்வது? கிலிம் என்பது முடிச்சுப் போடாமல் தட்டையாக நெய்த விரிப்பு. தேய்ந்துபோன பழைய கிலிம்களை வெட்டித் தைத்த தலையணை உறையும் சின்னப் பையும் அதே கடைகளில் இருக்கும். தறியில் நெய்த அசல் துணி, கம்பளி, அதன் நிறம் எல்லாம் உங்கள் கையில்.

இதுவரை சொன்னது எங்கே, எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வியைப் பற்றி. ஆனால் அதை மட்டும் வைத்துப் பொருளைத் தீர்மானித்தால் சில நல்ல பொருள்களைத் தவறவிட்டுவிடுவோம். மேற்கு ஆப்பிரிக்காவின் பளிச்சென்ற மெழுகு அச்சுத் துணிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் மிகப் புகழ்பெற்ற விலிஸ்கோ நிறுவனம் 1846 முதல் நெதர்லாந்தின் ஹெல்மாண்ட் நகரத்தில் இயங்குகிறது. ஜாவாவின் பாத்திக்கை இயந்திரத்தில் போலி செய்யப் புறப்பட்ட ஐரோப்பிய ஆலைகளின் துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அங்கே சந்தைப் பெண்கள் ஒவ்வொரு டிசைனுக்கும் பெயர் வைத்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் எந்தத் துணி என்ற வழக்கமே உருவானது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் கட்டுகிற காங்காவும் அப்படித்தான். ஜோடியாக விற்பார்கள், விளிம்பில் சுவாகிலி மொழியில் ஒரு வாசகம் இருக்கும். துணியில் நிறைய இந்தியாவிலோ சீனாவிலோ அச்சானது. ஆனால் தான்சானியப் பெண்கள் தங்கள் வாழ்க்கையில் தினமும் உடுத்துகிற, ஒருவருக்கொருவர் வாசகம் பார்த்துப் பரிசளிக்கிற துணியை அசல் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் சுற்றுலாப் பயணிக்காகத் தொங்கவிட்டிருக்கிற மரமுகமூடியை விட அது எவ்வளவோ உண்மையானது.

ஆகவே என் இரண்டாவது கேள்வி: அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தக் காசைக் கொடுத்து இதை வாங்குவார்களா? ஆமாம் என்றால் தாராளமாக வாங்கலாம். இந்தக் கேள்விக்கு இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் வாங்கும் பொருளுக்கு உள்ளூர் விலைதான் இருக்கும்.

அதனால் நினைவுப் பொருள் கடைக்குப் போகும் முன் சூப்பர் மார்க்கெட், பாத்திரக் கடை, ஸ்டேஷனரிக் கடை, பழைய பொருள் சந்தை ஆகியவற்றைச் சுற்றி வாருங்கள். துருக்கியில் தேநீர் குடிக்கிற இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளை பாத்திரக் கடையில் பெட்டி பெட்டியாக இருக்கும். பொன்முலாம் பூசி, நகரப் பெயர் எழுதி, கோபுரப் படம் போட்டு விற்கிற செட்டை விட்டுவிடுங்கள். வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் புழங்குகிற வெறும் குவளைதான் அசல், விலையும் அற்பம். இத்தாலியில் மோக்கா பாட்: 1933இல் பியாலெட்டி கொண்டுவந்த அந்த எண்கோண அலுமினியக் காப்பிப் பாத்திரம் இன்றும் இத்தாலிய அடுப்புகளில் இருக்கிறது, ஒரு கோப்பை அளவில் சின்னதும் கிடைக்கும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்து வருகிற ஒபினெல் மடக்குக் கத்தியும் அப்படிப்பட்ட பொருள்தான். கத்தியை மட்டும் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும்.

ஜப்பானுக்குப் போகிறவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது 'தெனுகுய்'. சுமார் 35 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மெல்லிய பருத்தித் துண்டு. கை துடைக்க, தலையில் கட்ட, பாட்டிலைச் சுற்ற, சுவரில் மாட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். இரண்டு நுனியிலும் மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள். அது குறை இல்லை, சீக்கிரம் காய்வதற்காக அப்படி. முதல் சில துவைப்பில் நூல் பிரியும், பிறகு நின்றுவிடும். 'சூசென்' முறையில் சாயத்தை ஊற்றி அடுக்கடுக்காக ஊடுருவச் செய்த துண்டில் முன்பக்கம், பின்பக்கம் என்ற வித்தியாசமே இருக்காது. எடை இல்லை, உடையாது, பெட்டியில் இடம் பிடிக்காது. மலிவான, செயற்கைத் துணியில் அச்சடித்த கிமோனோவை வாங்க நினைக்கிறவர்கள் அந்தப் பணத்துக்கு இரண்டு மூன்று நல்ல தெனுகுய் வாங்கிவிடலாம்.

சோப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான பரிசு என்று எல்லோரும் கைவைப்பது அதில்தான். பிரான்சில் மார்செய் சோப்பைக் கட்டுப்படுத்தும் அரசாணை 1688இலேயே வந்தது. ஆனால் இன்று நிலைமை வேறு. அந்தப் பெயரில் யார் எதை விற்றாலும் தடுப்பது கடினம், லாவண்டர் மணத்தோடும் ரோஜா நிறத்தோடும் வருகிறவை எல்லாம் அந்தப் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. பழைய முறையில் கொப்பரையில் காய்ச்சுகிற சோப்பில் வாசனையும் சேர்க்க மாட்டார்கள், சாயமும் சேர்க்க மாட்டார்கள், மிருகக் கொழுப்பும் கிடையாது. பெரிய கனசதுரக் கட்டி, ஆலிவ் எண்ணெய் என்றால் பச்சை, மற்றத் தாவர எண்ணெய் என்றால் வெளிர்நிறம். பக்கவாட்டில் எண்ணெய்ச் சத்தின் அளவைச் சொல்லும் 72% என்ற முத்திரை இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். பின்னால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் சோப்பும் சிரியாவின் அலெப்போ சோப்பும் 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அலெப்போ சோப்பை வெட்டிப் பார்த்தால் வெளியே பழுப்பு, உள்ளே பச்சை. மாதக்கணக்கில் காற்றில் உலரவிட்டதன் அடையாளம் அது.

சட்டப் பாதுகாப்புள்ள முத்திரை இருக்கிற இடங்களில் வேலை சுலபம். ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்கு 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில், அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயரும் சிலுவை வைத்த உருண்டை முத்திரையும் கிடைக்கும். கோட்டு வாங்கினால் பெரிய செலவு. ஆனால் அதே துணியில் செய்த சில்லறைப் பையோ சாவி வளையமோ, உள்ளே அந்த முத்திரைச் சீட்டோடு, மிகக் குறைந்த விலையில் உண்டு. ஜப்பானும் 1974இல் மரபுக் கைவினைகளுக்காகச் சட்டம் கொண்டுவந்து, தகுதியானவற்றுக்கு ஒரு சின்னம் தருகிறது.

முத்திரை இல்லாத இடங்களில் வார்த்தைகளைக் கவனமாகக் கேட்க வேண்டும். 'இந்த ஊர் பாணி', 'இங்கே வடிவமைத்தது', 'பாரம்பரிய டிசைன்' என்று எழுதியிருந்தால் எங்கே செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 'கைவேலை' என்ற சொல்லும் போதாது, யாருடைய கை என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு மொத்த வியாபார நிறுவனம், இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் டிஜெரிடூ என்ற நீண்ட மர ஊதுகுழல்களையும் 'கையால் வண்ணம் தீட்டிய பழங்குடிக் கலை' என்று தோன்றும்படி ஆயிரக்கணக்கில் விற்றது. 2018இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, அடுத்த ஆண்டு 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பொருள் நிஜமாகவே கையால் வண்ணம் தீட்டியதுதான். ஆனால் அந்தக் கலைக்கு உரிய மக்களின் கை அது இல்லை, அவர்களுக்கு அதிலிருந்து காசும் போகவில்லை. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் கைவினை என்று பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதனால் அங்கே செய்தவரின் பெயரையும் இனக்குழுவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். நேர்மையான வியாபாரி எங்கேயும் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். எந்த ஊரில், எந்தக் குடும்பம், எந்த மரம் என்று அவரே விரிவாகப் பேசுவார்.

பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் சோதனைகள் சில உண்டு, ஆனால் எதுவும் முழு உத்தரவாதம் இல்லை. போலந்து, லித்துவேனியா பக்கம் விற்கிற பால்டிக் அம்பர், அதாவது காலப்போக்கில் கல்லாக இறுகிய மரப்பிசின், கையில் எடுத்தால் கண்ணாடி போலச் சில்லென்று இருக்காது, எடையும் குறைவு. உப்பை நிறையக் கரைத்த தண்ணீரில் மிதக்கும், கண்ணாடியும் பல பிளாஸ்டிக்குகளும் மூழ்கிவிடும். சில கடைக்காரர்களே ஒரு குவளை உப்புத் தண்ணீர் வைத்திருப்பார்கள். சில வகைப் பிளாஸ்டிக்கும், அம்பராக இன்னும் முதிராத மரப்பிசினும் கூட மிதக்கும் என்பதால் இது முதல் வடிகட்டல் மட்டும்தான். எகிப்தில் பப்பைரஸ் என்ற நாணல் தாளில் தீட்டிய ஓவியத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசலில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு நார்ப்பட்டைகள் தெரியும், மெதுவாகச் சுருட்டினாலும் உடையாது. வாழை நாரில் செய்த போலி விரிசல் விடும். நூலை எரித்துப் பார்க்கிற சோதனை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் தரும் என்பது உண்மைதான், ஆனால் கடையில் வைத்து அதைச் செய்ய முடியாது. வாங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்?

அசலாக இருந்தும் வாங்கக் கூடாத பொருள்கள் இருக்கின்றன. இதைப் பயணிகள் பலர் யோசிப்பதே இல்லை, எனக்கு இதில்தான் அதிக அக்கறை. போர்ச்சுகலில் சுவரில் பதிக்கிற, அசுலேஜோ என்ற வண்ண ஓட்டில் பழையது ஒன்று சந்தையில் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படத் தோன்றும். அது ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் சுவரிலிருந்து இரவோடிரவாகப் பெயர்த்ததாக இருக்கலாம். இந்தத் திருட்டு எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், 2007இல் அங்கே போலீஸ் துறையின் அருங்காட்சியகமே இதைத் தடுக்கத் தனித் திட்டம் தொடங்கியது. இன்றும் பட்டறைகளில் கையால் தீட்டுகிற புது ஓடு ஒன்றை வாங்குங்கள். எகிப்து 1983ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொல்பொருள் வியாபாரத்தையே தடை செய்துவிட்டது, ஆகவே அங்கே 'பழங்காலத்துச் சிலை' என்று ஒருவர் ரகசியமாகக் காட்டினால் ஒன்று அது போலி, இல்லை குற்றம். துருக்கியில் இடிபாடுகளில் கிடக்கிற ஒரு செதுக்கிய கல்லைப் பொறுக்கினாலும் வழக்கு வரலாம். தாய்லாந்திலிருந்து புத்தர் சிலைகளை வெளியே கொண்டுபோக அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். காசே கொடுக்காத நினைவுப் பொருளுக்கும் விதி உண்டு: இத்தாலியின் சர்தீனியா தீவில் கடற்கரை மணலையும் கூழாங்கல்லையும் சிப்பியையும் எடுத்துச் சென்றால் 500 முதல் 3000 யூரோ வரை அபராதம், 2017 முதல்.

உயிரினங்களிலிருந்து செய்தவற்றில் இன்னும் கவனம் தேவை. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற, 1975 முதல் நடைமுறையில் இருக்கிற சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. யானைத் தந்தம், ஆமை ஓடு, பலவகைப் பவளம், முதலைத் தோல், கடல்குதிரை எல்லாம் அதன் கீழ் வருகின்றன. கரீபியன் கடலின் ராணிச் சங்கு கூட அனுமதிச்சீட்டு இல்லாமல் ஒருவருக்கு மூன்றுக்கு மேல் கூடாது, அதற்கும் உங்கள் நாட்டின் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பது எல்லையைத் தாண்ட அனுமதி ஆகாது. ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள் மரம், வைக்கோல், விதை, இறகு கலந்த எதையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

அப்புறம் மண்பாண்டம். மெக்சிகோ, மொராக்கோ போன்ற இடங்களில் மரபான சில பாண்டங்களின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்கும். அலங்காரத்துக்கு என்றால் பரவாயில்லை. அதில் புளிப்பான எதையும் வைத்துச் சாப்பிடக் கூடாது. மெக்சிகோவில் 'லிப்ரே தே ப்ளோமோ', அதாவது ஈயம் இல்லாதது, என்று குறித்தவற்றைக் கேட்டு வாங்கலாம்.

விலை விஷயத்தில் ஒரு பழக்கம் உதவும். முதல் நாளே வாங்காதீர்கள். அருங்காட்சியகக் கடை, கூட்டுறவுக் கடை, அரசுக் கைவினை அங்காடி மாதிரி விலை ஒட்டியிருக்கிற இடத்துக்கு முதலில் போய், நல்ல வேலைப்பாடு எப்படி இருக்கும், நியாயமான விலை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் அரசு நடத்தும் ஃபோனார்ட் கடைகள் இதற்கு ஏற்றவை. பிறகு சந்தைக்குப் போனால் யார் அநியாயம் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வழிகாட்டியே அழைத்துச் செல்கிற கடையில் அவருடைய கமிஷனும் விலையில் சேர்ந்திருக்கும். அருங்காட்சியகக் கடை என்றாலும் பொருளின் அடிப்பக்கத்தைப் படியுங்கள், அங்கேயும் இறக்குமதிச் சரக்கு உண்டு.

வியாபாரியிடம் பேரம் பேசுவது பல ஊர்களில் வழக்கம்தான், பேசுங்கள். ஆனால் செய்தவரே உட்கார்ந்து விற்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு மூன்று நாள் ஊசி பிடித்துப் பூவேலை செய்த துணி ஒரு காப்பி விலைக்குக் கிடைக்கிறது என்றால், ஒன்று அது இயந்திர வேலை, இல்லை அந்த உழைப்புக்கு யாரோ கூலி கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டுமே நமக்கு வேண்டாம். அந்த இடத்தில் அதே ஆள் செய்த சின்ன உருப்படியைக் கேட்ட விலைக்கே வாங்குவது நல்லது.

நாலைந்து பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால், பிரித்துக் கொடுக்கக் கூடியதாக ஒன்றை மொத்தமாக வாங்குங்கள். ஆறு தேநீர்க் குவளை கொண்ட ஒரு பெட்டி மூன்று வீட்டுக்கு இரண்டிரண்டாகப் போகும். ஒரு பெரிய மார்செய் சோப்புக் கட்டியைக் கம்பியால் துண்டு போடலாம். ஒரு ஜோடி காங்காவைப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுத்தால், வாசகம் என்ன சொல்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். அஞ்சல் நிலையத்தில் வாங்குகிற அழகான தபால்தலைத் தொகுப்பு குழந்தைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். எண்ணெய், திரவம் எதுவானாலும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் செக்-இன் பெட்டிக்குத்தான் போக வேண்டும். கண்ணாடிப் பொருளைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி வையுங்கள், பில்களைக் கைப்பையில் தனியாக எடுத்து வையுங்கள், சுங்கத்தில் கேட்டால் உடனே காட்டலாம்.